காவேரிக் கதையும் கிள்ளான் ஆறும்

கரையை அணுக இயலாமல் நாகப்பட்டினத்திற்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குப் படகிலே சென்று, அலையோடு எழுந்து தாழ்ந்த ஏணியைப் பற்றி ஏறி, நாட்கணக்கான கடற்பிரயாணத்திற்குப் பின் பினாங்கையும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமையும் கண்ட ஒரு தலைமுறை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்தது. அவர்களைச் சுமந்து வந்த ராஜுலா முதலிய கப்பல்களே, பின்னர் அவர்கள் படிப்பதற்கான பத்திரிகைக் கட்டுகளையும் சுமந்து வந்தன. சென்னையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜனங்கள் ஆவலோடு பிரித்த இதழை இங்கே நாங்கள் பிரிப்பதற்குச் சில வாரங்கள் ஆகிவிடும். ஆனால் கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியதாகையால், அந்தத் தாமதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் தொடங்கி, 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் முற்றுப்பெற்றது. மலாயாவில் அவை அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த ஆண்டுகள். இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பிவிட வேண்டும் என்ற அச்சம் தோட்டத்து லயங்களில் மட்டுமன்றிப் பட்டணத்திலும் படர்ந்திருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில், விளக்கு வைத்த பிறகு, ஒரு வீட்டுப் பின்கட்டில் நாலைந்து குடும்பத்துப் பெண்கள் கூடுவார்கள். என் அன்னை திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எனினும் அவள் குரலெடுத்து வாசித்தால், மணியம் வரைந்த சித்திரங்களைக் காணாதவர்களுக்கும் வீரநாராயணபுரத்து ஏரிக்கரை கண்முன்னே விரிந்துவிடும். என் தந்தை ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் யாழ்ப்பாணத்தார், அந்த வீட்டு ஆச்சி, பாக்கு இடித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் முடிவில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பிள்ளை, அந்தப் பெடியன் கடைசியிலை விட்டுக் குடுத்திட்டானோ?"

பெடியன் என்று அவர் குறிப்பிட்டது அருள்மொழிவர்மனை. வந்தியத்தேவனுடைய சாகசங்களையும் நந்தினியின் கண்வீச்சையும் நாங்கள், சிறுவர்கள், வாய்பிளந்து கேட்டோம். பெரியவர்களோ அந்தப் பெரிய புனைகதையை ஒரு குடும்ப வழக்காகவே கேட்டார்கள். பெரியப்பன் வீட்டுக்குரிய பாத்தியதை சின்னவன் வீட்டுக்குப் போய்விட்டது, இப்போது பெரியவன் மகன் வளர்ந்து வந்து கேட்கிறான், கொடுப்பதா, மறுப்பதா? தஞ்சைச் சிம்மாசனம் என்பது அவர்களுக்கு ஊரில் விட்டுவந்த வயலும் வீடும் கிணற்றுப் பங்கும்தான். கடல் கடந்து வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட பங்காளி வழக்கில் தோற்றவர்களும், வழக்காட மனமின்றி விலகியவர்களும் ஆவர். ஆகையால் ஆச்சியின் கேள்வியில் கதைச்சுவையைக் காட்டிலும் அதிகமான ஏதோ ஒன்று இருந்தது என்பதை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

விட்டுக்கொடுத்தான் என்று சொல்வது நாவலாசிரியரின் கற்பனை மட்டுமன்று. இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் மறைந்த பிறகு பிரஜைகள் அருள்மொழியை அரசேற்குமாறு வேண்டியபோது, தன் சிற்றப்பன் இராஜ்யத்தை விரும்பும் வரையில் தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் ஒதுங்கிய செய்தியைப் பாடுகின்றன. அவ்வாறே கண்டராதித்தரின் புதல்வரான உத்தம சோழர் அரியணை ஏறினார். பல ஆண்டுகள் கழித்து, 985இல், அருள்மொழி இராஜராஜனாக முடிசூடினான். இளவரசனைக் கொன்றவர்கள் யார் என்பதை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே தெரிவிக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களும் அவர்களைச் சார்ந்தோரும் துரோகிகளாக அறிவிக்கப்பட்டு, அவர்களுடைய நிலங்கள் இராஜராஜனின் ஆட்சித் தொடக்கத்தில் பறிமுதல் செய்யப்பட்டன. உத்தம சோழருடைய ஆட்சிக்காலம் முழுவதும் இந்தத் தண்டனை ஏன் நிறைவேறாமல் கிடந்தது என்ற வினாவில்தான் அறிஞர்களின் அபிப்பிராயம் பிரிகிறது. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமரைச் சந்தேகத்தோடு பார்த்தார். சதாசிவ பண்டாரத்தார் அந்தக் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தார். இவ்விரு மேதைகளின் கருத்து வேற்றுமையே ஒரு நாவலுக்குப் போதுமான களம்.

ஆயினும் அந்த வழக்கில் என் மனத்தை மிகவும் தொடுவது கொலையன்று. கொலைக்குப் பிந்தைய ஒரு சிறு விவரம். உத்தம சோழரின் மகனான மதுராந்தகன் கண்டராதித்தன், தன் தந்தைக்குப் பின் அரியணை தனக்கு வராமல் இராஜராஜனிடம் சென்றுவிட்ட பிறகும், கலகம் செய்யவில்லை, நாட்டைவிட்டு ஓடவுமில்லை. அதே இராஜராஜனின் கீழ் ஆலய நிர்வாகத்தை விசாரிக்கும் அதிகாரியாக ஊர் ஊராகச் சென்று, கோயிற் கணக்குகளைச் சோதித்து, தவறு செய்தவர்களைத் தண்டித்தான் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரசனாகியிருக்கக்கூடிய ஒருவன், தான் இழந்த இராஜ்யத்தின் கோயில்களில் விளக்கெண்ணெய் சரியாக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு திரிந்தான்! அவனுடைய பாட்டியார் செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளையெல்லாம் கற்றளிகளாக மாற்றியவர் என்பதை நினைத்தால், அந்தப் பணி அவனுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதும் விளங்கும். இந்த மனிதனைப் பற்றி ஒரு நாவல் எழுதப்பட வேண்டும். கொலைகாரனைத் தேடும் கதைகள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன.

கதையில், இலங்கையிலிருந்து திரும்பும் அருள்மொழி நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தில் நோய்வாய்ப்பட்டுக் கிடப்பான். அந்த அத்தியாயங்களை வாசித்த மாலைகளில் எங்கள் பின்கட்டில் ஒரு தனிக் கலகலப்பு உண்டாயிற்று. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த நாகப்பட்டினத்தில்தான் கப்பலேறினார்கள். ஆனால் அந்த விஹாரத்திற்கும் தாங்கள் வந்து சேர்ந்த நாட்டிற்கும் உள்ள சம்பந்தத்தை அப்போது யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அதைக் கட்டியவர்கள் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மனும் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மனும் ஆவர். கடாரம் என்பது இன்றைய கெடா. தந்தையின் பெயரால் மகன் எழுப்பிய அந்தப் பள்ளிக்கு இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அவன் வாய்மொழியாகக் கொடுத்ததை, அவனுடைய காலத்திற்குப் பின் மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தினான். டச்சு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற சாசனம் அதுதான். இரண்டு தேசத்துத் தந்தையரும் மைந்தரும் ஒரே தர்மத்தில் இவ்வாறு பிணைந்து நின்றபின், 1025ஆம் ஆண்டு வாக்கில், அதே இராஜேந்திரன் கப்பற்படையை ஏவிக் கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தான். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இராஜேந்திரனையும், சாண்டில்யனின் 'கடல் புறா' அதற்குப் பிந்தைய குலோத்துங்கன் காலத்தையும் எடுத்துக்கொண்டபோது, மலாயாத் தமிழ் வாசகர்கள் அவற்றைத் தங்கள் சொந்த ஊர்க் கதைகளாகவே கொண்டாடினார்கள். வெற்றிகொண்டவர்களின் வழித்தோன்றல்களாக நம்மை எண்ணிக்கொள்வதில் ஒரு மயக்கம் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றவர்களுக்கு அந்த மயக்கம் ஓர் ஆறுதலாகவும் இருந்திருக்கும்; அதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். காவேரிக் கரையின் அரண்மனைச் சூழ்ச்சிகளையெல்லாம் மனப்பாடமாக அறிந்த நாங்கள், எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ஓடிய கிள்ளான் ஆற்றின் அரண்மனைக் கதை ஒன்றையும் அறிந்திருக்கவில்லை. அந்தக் கதைகளில் எங்கள் இரத்தமும் கலந்திருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

'செஜாரா மெலாயு' என்ற மலாய் அரச வரலாற்று நூல், துன் ஸ்ரீ லானாங் என்ற பெண்டஹாராவின் பெயரோடு 1612ஆம் ஆண்டைச் சேர்த்து வழங்கப்படுவது. பெண்டஹாரா என்றால் முதன்மந்திரி, அந்தப் பதவி மலாக்காவில் ஏறக்குறைய ஒரே குலத்தின் உரிமையாக இருந்தது, நூலாசிரியரும் அக்குலத்தவரே. ஆகவே அந்த நூலைப் படிப்பது, பொன்னியின் செல்வனில் வரும் பழுவேட்டரையர் வம்சத்தார் ஒருவர் எழுதிய சோழ சரித்திரத்தைப் படிப்பது போன்றது. அதை முதன்முதலாக அச்சிலேற்றிய முன்ஷி அப்துல்லாவின் முன்னோர், யெமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப்பெண்ணை மணந்த வழியினர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன். நாகூரிலிருந்து நாகப்பட்டினம் நடக்கும் தூரந்தான்.

அந்த நூல் சொல்லும் துன் பேராக்கின் கதை கிள்ளானில் ஆரம்பமாகிறது. அவர் கிள்ளானில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கியவர். பழைய தலைவனை வேண்டாமென்று விலக்கிய கிள்ளான் மக்கள் தாங்களே விரும்பிக் கேட்டதால் அவ்வூருக்குத் தலைவரானவர். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், சுல்தான் முஸபர் ஷாவின் ஆட்சியில் சயாம் தேசத்துப் படை மலாக்காவின் மீது வருகிறது. கரையோர ஊர்களின் ஆடவரெல்லாம் தலைநகருக்கு அழைக்கப்படுகிறார்கள். மற்ற ஊரார் ஆடவரோடு வர, துன் பேராக் மட்டும் கிள்ளானிலிருந்து பெண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். இது என்ன விபரீதம் என்று அரசவையிலிருந்து வினா எழுந்தது. சிங்காதனத்துக்காகப் போரிடும்போது மனிதனின் கை தளரலாம், தன் மனைவி மக்கள் பின்னால் நிற்கும்போது தளராது என்ற கருத்தில் அவர் விடையளித்தார். அரசன் அந்த விடையை மெச்சி அவரை அரசவையிலேயே அமர்த்திக்கொண்டான். அரச விசுவாசத்தையும் குடும்பப் பாசத்தையும் ஒன்றையொன்று அறுக்கும் வாள்களாகக் காணாமல், ஒரே கயிற்றின் இரு புரிகளாகக் கண்ட அந்தக் கிள்ளான் தலைவரின் புத்தி நுட்பத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. பிற்காலத்தில் ஓர் இளவரசன், பந்து விளையாட்டில் தன் தலைப்பாகை தட்டப்பட்ட கோபத்தில், இவருடைய மகன் துன் பெசாரைக் குத்திக் கொன்றான். ஆயுதம் ஏந்தி எழுந்த சுற்றத்தாரைத் தடுத்த இவர், பழி வாங்குவதில்லை, ஆனால் இந்த இளவரசன் நமக்கு அரசனாவதற்கு மட்டும் சம்மதிப்பதில்லை என்று ஒரே சொல்லில் நின்றார். இளவரசன் பகாங்கிற்கு அனுப்பப்பட்டான்.

துன் பேராக் எழுச்சி பெற்ற காலத்தில் அவருக்குப் போட்டியாக நின்றவர் துன் அலி. இவருடைய தந்தை மணி புரிந்தன், இந்திய தேசத்தின் பஹிலி என்னும் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர் என்கிறது செஜாரா மெலாயு. மணி புரிந்தனின் மகள் சுல்தானை மணந்து பெற்ற மகன்தான் முஸபர் ஷா. அவனுக்கு முன்னே, ரோக்கான் நாட்டு இளவரசியின் வயிற்றில் பிறந்த இளையவன் அரசேற்றப்பட்டிருந்தான். தாய்மாமனான துன் அலியும் அவரைச் சார்ந்தோரும் ஓர் இரவில் கிளர்ந்தெழுந்து, மருமகனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். அந்தக் குழப்பத்தில் இளைய சுல்தான் உயிரிழந்தான். தாய்மாமன் மருமகனுக்குச் செய்ய வேண்டிய கடமையை எந்தத் தமிழ் வீட்டிலும் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அந்தக் கடமையின் பேரால் ஓர் அரச பரம்பரையின் போக்கே திரும்பிவிட்டது.

இப்படி முஸபர் ஷாவை அரசனாக்கிய மாமனுக்கும் கிள்ளானிலிருந்து வந்த புதியவருக்கும் இடையே அரசவை இரண்டாகப் பிளந்தது. பிளவைச் சேர்க்க வழிதேடிய சுல்தான், மனைவியில்லாதிருந்த துன் அலிக்கு விவாகம் செய்துவைக்க விரும்பி, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றான். அவர் கேட்டது துன் கூடுவை. துன் கூடு சுல்தானின் மனைவி. துன் பேராக்கின் சகோதரி. சுல்தான் அவளை விலக்கி அவருக்கு மணமுடித்துக் கொடுத்தான், துன் அலி பெண்டஹாரா பதவியைத் துன் பேராக்கிற்கு விட்டுக்கொடுத்தார், பகைவர்கள் மைத்துனர்களானார்கள், மலாக்கா அதன் பின்னரே தன் மகோன்னத நிலையை அடைந்தது. நூல் இதை ஒரு சிறந்த இராஜதந்திரமாகச் சொல்லிக் கடந்து செல்கிறது. நான் இந்தப் பகுதியைத் தமிழில் சொல்லி என் அன்னைக்கு விளக்கிய ஒரு மாலைப்பொழுதில், அவள் வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று கேட்டாள். நூலில் அதற்கு விடை இல்லை.

துன் கூடுவுக்கும் துன் அலிக்கும் பிறந்த மகன் துன் முத்தாஹிர். மகள் துன் செனாஜா. செனாஜாவின் மகன் மலாக்காவின் கடைசி அரசனான சுல்தான் மாமூத். அண்ணன் பெண்டஹாரா, தங்கை மகன் சுல்தான். செல்வச் செருக்கு மிகுந்திருந்த முத்தாஹிருக்கு துன் பாத்திமா என்ற பேரழகியான மகள் இருந்தாள். அவர் அவளை வேறொருவருக்கு மணமுடித்தார். விருந்தில் அவளைக் கண்ட சுல்தானின் நெஞ்சில் தன் மாமன் ஏன் இவளைத் தனக்குக் கூறவில்லை என்ற தாபம் நஞ்சாக ஊறிற்று. மலாய் உரையாசிரியர்கள் இதை அரசனுக்கும் குடிக்கும் உள்ள மரியாதைப் பிரச்சினையாகவே விளக்குகிறார்கள். ஆனால் நம் உறவுமுறையில் வைத்துப் பார்த்தால், அவள் மாமன் மகள்; முறைப்பெண். முறைப்பெண்ணைத் தனக்குச் சொல்லாமலே அயலில் கட்டிக்கொடுத்துவிட்ட மாமன்மீது மருமகன் கொண்ட வன்மம் எத்தகையது என்பதைத் தஞ்சையிலும் மதுரையிலும் நாம் பார்த்ததில்லையா? மணி புரிந்தனின் பேரனும் கொள்ளுப்பேரனும் ஆகிய இவ்விருவரும் தங்கள் முன்னோரின் உறவுமுறைகளை எவ்வளவு தூரம் மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதை நான் திட்டமாகச் சொல்லத் துணியமாட்டேன். படிக்கும்போது என் நெஞ்சு அப்படித்தான் படித்தது.

மீதிக் கதையை நடத்தியவர்களும் அந்நியர் அல்லர். மலாக்கா வணிகர் தலைவன் நைனா சூரதேவனுக்கும், துறைமுக அதிகாரியாயிருந்த ராஜா முதலியாருக்கும் ஒரு வழக்கு. இருவர் பெயரும் எந்தக் கரையைச் சேர்ந்தவை என்பதைத் தமிழர் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கித்தோல் என்ற கடனாளி ஒருவன், உன்னைத் தீர்த்துக்கட்டப் பெண்டஹாராவுக்குப் பொன் கைமாறிவிட்டது என்று முதலியாரிடம் கோள் சொன்னான். அச்சங்கொண்ட முதலியார், பெண்டஹாரா அரியணைக்கே குறிவைக்கிறார் என்று கடற்படைத் தலைவன் மூலம் சுல்தானின் செவியில் ஏற்றினார். 1510ஆம் ஆண்டில் துன் முத்தாஹிருக்கு மரண ஆணை வந்தபோது, அவருடைய மைந்தரும் மருகரும் வாளெடுத்து நின்றார்கள். மலாய்க் குடியின் வழக்கில் அரசத்துரோகம் இல்லை என்று கூறி அவர் அவர்களைத் தடுத்துவிட்டுத் தம் கழுத்தைக் கொடுத்தார். கோள் பொய்யென்று பின்னர் வெளிப்பட்டது. கோள் சொன்னவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சுல்தான் துன் பாத்திமாவை மணந்தான். அவள் அதன்பின் ஒருபோதும் சிரித்ததில்லை என்கிறது நூல். மறு ஆண்டு, 1511இல், போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்.

இனி கிள்ளானுக்குத் திரும்புகிறேன். ஏனெனில் நாங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து கதை படித்ததற்கே காரணமான இன்னொரு குடும்பக் கலகம் அங்கேதான் நிகழ்ந்தது. சிலாங்கூர் சுல்தான் முகம்மதுவின் மகன் ராஜா சுலைமான் கிள்ளானை ஆண்டு வந்தார். அவர் கடனில் ஆழ்ந்த பின், சுல்தான் அந்த ஊரை ரியாவ் வழிவந்த தம் உறவினர் ராஜா அப்துல்லாவிடம் ஒப்படைத்தார். 1857இல் அப்துல்லாவும் அவர் சகோதரர் ஜும்மாத்தும் ஆற்றுக்கு மேலே ஈயம் தேட அனுப்பிய 87 சீனர்களில் 69 பேர் ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குப் பலியானார்கள். ஆயினும் மேலும் மேலும் ஆட்கள் சென்றமையால், கொம்பாக் ஆறு கிள்ளானோடு கூடும் அந்தச் சேற்றுமுனையில் கோலாலம்பூர் பிறந்தது. ஈயம் பெருகியது, கிள்ளானின் சுங்க வருவாயும் பெருகியது, தன் தந்தையின் கையிலிருந்து நழுவிய ஊர் பிறர் கையில் பொன்னாக விளைவதை சுலைமானின் மகன் ராஜா மஹ்தி பார்த்துக்கொண்டிருந்தார். கல்கியின் கதையில் பங்கு கேட்டு வந்த பெரியவன் மகன் மதுராந்தகத் தேவரை நினைவூட்டும் நிலைமை இது. ஆனால் இவர் சிவபக்தர்களோடு அமர்ந்து உருத்திராக்கம் எண்ணியவர் அல்லர். தாம் கொண்டுவந்த அபினிக்கு வரி கேட்டபோது, அரச குடும்பத்தவன் தன் வீட்டில் வரி கொடுப்பதா என்று மறுத்தார். 1867இல் போர் மூண்டது. கிள்ளான் மஹ்தியின் வசமாயிற்று. அப்துல்லா மலாக்காவுக்குப் பின்வாங்கி, மீண்டும் கிள்ளானை ஆளாமலே மறைந்தார். நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற சூடாமணி விஹாரத்தின் கடைசிக் கோபுரம் இடிக்கப்பட்டதும் அதே 1867இல்தான். இரண்டு நிகழ்ச்சிக்கும் சம்பந்தம் ஏதுமில்லை என்று அறிவேன். என் மனத்திலோ அவை அருகருகே இருக்கின்றன.

அப்போது சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாது முதலில் மஹ்தியை அங்கீகரித்து, தம் மகள் ராஜா அர்பாவையும் அவருக்கு நிச்சயித்தார். சுல்தானுக்குச் சேரவேண்டிய மாதப்பணத்தை மஹ்தி அனுப்ப மறுத்ததும் நிச்சயம் முறிந்தது. 1868இல் அதே பெண்ணைக் கெடா சுல்தானின் தம்பியான துங்கு குடின் மணந்தார். மாமனார் அவரைத் தம் பிரதிநிதியாக நியமித்தார். கடாரத்து இளவரசன் ஒருவன் பெண் கொண்ட உரிமையால் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தான்! சுல்தானின் சொந்தப் புதல்வர்கள் மனம் கசந்தார்கள். வெளியூர் மருமகனுக்கு வீட்டுச் சாவி கொடுக்கப்பட்டதைப் பொறுத்துக்கொள்ளும் மைந்தர் எந்த நாட்டிலும் அரியர். அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் தந்தையின் பழியைத் தீர்க்கக் கிள்ளானை முற்றுகையிட்டு, குடினின் துணையோடு 1870இல் மீட்டார். சீனச் சுரங்கக்காரரும் தம் பூசல்களோடு இரு பக்கமாகப் பிரிந்தார்கள். அவர்களுள் ஒரு பக்கத்துத் தலைவரான யாப் ஆ லோய் குடினோடு நின்றார். கோலாலம்பூர் 1872இல் வீழ்ந்தது. மறு ஆண்டு, பகாங்குப் படையின் துணையால், சாம்பலாக மீண்டது. மஹ்தி நாடிழந்து சிங்கப்பூரில் இறந்தார். வென்ற குடினும் நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் சிலாங்கூரைவிட்டு வெளியேறினார்.

உறவினர்கள் ஒருவரையொருவர் அழித்து ஓய்ந்த அந்த வெற்றிடத்தில் பிரிட்டிஷார் நுழைந்தார்கள். 1874இல் அவர்களுடைய அதிகாரியான இளைஞர் ஸ்வெட்டன்ஹாம் லங்காட்டில் சுல்தானுக்கு அருகே வந்து அமர்ந்தார். 1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. அடுத்த ஆண்டில் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரை நகரத்தை அழித்துவிட, இனி வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது; செங்கற் சூளைகள் புகைந்த ஆற்றோரத்து வெளிதான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர்பெற்றது. 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையான புக்கிட் கூடா வரையில் ரயில் ஓடியது. 1890இல் பாலம் முடிந்து கிள்ளானை எட்டிற்று. தண்டவாளம் போடத் தமிழ்நாட்டிலிருந்தும், கணக்கெழுதவும் நிலையங்களை நடத்தவும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸ்காட் சாலையில் கந்தசாமி கோவில் எழுந்தது. விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. ரயில்வே வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றுள் ஒன்றின் பின்கட்டில் ஒரு பெண் தன் ஊர் நதியைப் பற்றிய கதையை உரக்கப் படித்தாள்.

அந்த ரயில் முற்றத்தின் மேல் இப்போது சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. பழைய கிள்ளான் ஈயக் கிடங்கான ராஜா அப்துல்லாவின் கட்டடம், 1850களில் அவர் எழுப்பியது, இன்னும் இருக்கிறது. சற்றே தொலைவில் ராஜா மஹ்தியின் கோட்டைவாசல் மேட்டின்மேல் தனித்து நிற்கிறது. 1980களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அன்னையை ரயிலில் அங்கே அழைத்துச் சென்றேன். கிடங்கின் தடித்த சுவர்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, ஆற்றைப் பார்த்தவாறு நின்றுகொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், சொன்னேன். யாழ்ப்பாணத்து ஆச்சி காலமாகி அப்போது இருபது ஆண்டுகள் இருக்கும்.

"ஒருத்தருமே விட்டுக் கொடுக்கலையா?" என்றாள் அன்னை.

"இல்லையம்மா."

அவள் கோட்டைவாசல் இருந்த மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவங்க விட்டுக் கொடுத்திருந்தா இந்த ரயிலு வந்திருக்காது. உங்கப்பாவும் வந்திருக்க மாட்டாரு" என்றாள். பிறகு, மழைக்கு முன் நிலையம் போய்ச் சேரலாம் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.